பதின்மூன்றில் பட்டம், பதின்மூன்றில் புகுமுக வகுப்பு

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது ஆகும்போது ஒரு கேள்வி வரும். நேரே படிவம் ஒன்றுக்குப் போகிறதா, மலாய் மொழிக்காக ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் உட்காருகிறதா?

அதே பதின்மூன்று வயதில் வேலூரில் பிறந்த பாலமுரளி அம்பாட்டி நியூயார்க் பல்கலைக்கழகப் பட்டத்தைக் கையில் வாங்கிவிட்டார். மலேசியச் சிறுவன் சியாங் தி மிங் அமெரிக்காவின் கால்டெக்கில் இயற்பியல் மாணவன். மலேசியத் தாய்க்குப் பிறந்த சுஃபியா யூசோஃப் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படிக்கப் போனார். லக்னோவில் தினக்கூலியின் மகள் சுஷ்மா வர்மா எம்.எஸ்சி. வகுப்பில் நுண்ணுயிரியல் படித்தாள்.

அந்தக் கதைகளை விட்டு நம் ஊருக்கு வருவோம். பேராவில் சிம்பாங் பூலாய்ச் சந்திப்பில் நின்றால் ஒரு பக்கம் கேமரன் மலைக்கு ஏறும் சாலை, இன்னொரு பக்கம் கோப்பேங், கம்பார் வழியாகத் தெற்கே போகும் பழைய சாலை. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றைக் குடைந்தெடுத்துப் போகும் லோரிகள். கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று தாமான் வீடுகளாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தத் தாமான்களிலிருந்துதான் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள். இவர்களில் ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயதிலேயே அல்ஜீப்ரா புரிந்துவிடுகிறது என்று வையுங்கள். அதை யார் கவனிப்பார்கள்? கவனித்தால் எங்கே அனுப்புவார்கள்? மேதைச் சிறுவர்களின் கதைகளை நாளிதழில் படித்து வியக்கிற நாம் இதைக் கேட்டுக்கொள்வதில்லை.

இந்த நாட்டில் வகுப்பைத் தாண்ட ஒரு வழி இருந்தது. 1996இல் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் பி.டி.எஸ். என்ற முதல் நிலைத் தேர்வை அரசாங்கம் கொண்டுவந்தது. தேறியவர்கள் நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தில் உட்காரலாம். இப்போது நாற்பதை நெருங்கும் பலருக்கு அந்தத் தேர்வு நினைவிருக்கும். தாண்டிய பிள்ளையை ஊரே பார்த்தது. தாண்டாத பிள்ளைக்கு வீட்டில் அர்ச்சனை நடந்தது. ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் டியூசன் தேடி அலைந்தார்கள். 2000த்தோடு அந்தத் தேர்வு முடிந்துபோனது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவி ஓர் ஆண்டை மிச்சப்படுத்திய பிள்ளை, ஆறாம் ஆண்டு முடிவில் மலாய் மொழியில் தேவையான அடைவு பெறாவிட்டால், மிச்சப்படுத்திய அதே ஆண்டைப் புகுமுக வகுப்பில் செலவழிக்க வேண்டியதுதான். இடது கையால் கொடுத்ததை வலது கை வாங்கிக்கொண்டது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் போனது, படிவம் மூன்றின் தேர்வான பி.டி.3 அடுத்த ஆண்டு போனது. புகுமுக வகுப்பு இன்னும் இருக்கிறது.

மொழியைச் சரிசெய்ய ஓர் ஆண்டு தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் மலாயில் தடுமாறும் பிள்ளை கணிதத்தில் இரண்டு வகுப்பு முன்னால் நிற்கலாம். அந்தப் பிள்ளையைக் கணிதத்திலும் சேர்த்து நிறுத்தி வைப்பது எந்த நியாயம்?

இதற்குத் தமிழர்கள் மறக்கக் கூடாத உதாரணம் கும்பகோணத்தில் இருக்கிறது. 1904இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன் கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் வைக்காமல் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டார். உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேர்வில் உடற்கூற்றுப் பாடத்தைத் தாண்ட முடியாமல் தோல்வி, ஒரு முறை அல்ல, இரண்டு முறை. உலகம் கொண்டாடிய கணித மேதையைப் பட்டப்படிப்பின் வாசலிலேயே நிறுத்தியது ஒரு மொழிப் பாடமும் உடற்கூற்றுப் பாடமும்தான். அவர் வளர்ந்தது கல்லூரிக்கு வெளியே, கணக்கு நோட்டுகளில்.

ராமானுஜனுக்குக் கிடைக்காதது அவருக்கு ஓராண்டு இளைய இன்னொரு தமிழ்ப் பையனுக்குக் கிடைத்தது. சி.வி. ராமன் 1888இல் பிறந்தவர். பதினொரு வயதில் மெட்ரிகுலேசன் முடித்தார். சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது மெலிந்த, குட்டையான பையன். பி.ஏ. வகுப்பில் அவரைப் பார்த்த ஆங்கிலப் பேராசிரியர் எலியட், வழிதவறி வந்துவிட்டானோ என்று நினைத்து விசாரித்ததாகச் சொல்லப்படும் கதை பிரபலம். 1904இல் பி.ஏ. தேர்வில் இயற்பியலுக்கான தங்கப் பதக்கம் அவருக்கு. மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றார்கள். அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1907இல் எம்.ஏ., அதே ஆண்டில் பதினெட்டு வயதில் நிதித்துறைத் தேர்வில் தேறி கல்கத்தாவில் உதவிக் கணக்காயர். ஆய்வுக்கூடம் அலுவலகத்துக்கு வெளியே, ஓய்வு நேரத்தில்.

ராமனுக்கும் ராமானுஜனுக்கும் நடுவே இருந்த வேறுபாட்டை அறிவில் தேட வேண்டியதில்லை. ராமனின் தந்தை விசாகப்பட்டினத்தில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர். பையன் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் புத்தகங்கள் இருந்தன. ராமானுஜனின் தந்தை ஜவுளிக்கடைக் குமாஸ்தா. எந்தக் கல்லூரியில் எதை எப்போது படிக்க வேண்டும் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

வேலூரிலிருந்து மன்ஹாட்டன்

பாலமுரளி அம்பாட்டியின் கதையும் படித்த வீட்டின் கதைதான். 1977 ஜூலை 29ஆம் நாள் வேலூரில் பிறந்தார். தந்தை பொறியியலாளர். தாய் கோமதி கணித ஆசிரியை, தமிழ் படித்தவர். பாலமுரளிக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயதில் கொதிக்கும் சோற்றுத் தண்ணீர் காலில் கொட்டி மருத்துவமனையில் கிடந்தார் என்றும், மருத்துவராகும் ஆசை அங்கே தொடங்கியது என்றும் சொல்வார்கள்.

பதினொரு வயதில் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். அதே வயதில் அண்ணன் ஜெயகிருஷ்ணாவோடு சேர்ந்து எய்ட்ஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பதின்மூன்றில் நியூயார்க் பல்கலைக்கழகப் பட்டம். அதன் பிறகு மன்ஹாட்டனில் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி. 1995இல் பதினேழு வயதில் டாக்டராக வெளியே வந்தபோது உலகின் மிக இளைய மருத்துவர் என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது. அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பதின்ம வயது டாக்டர் ஒருவரைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் ஓடி முடிந்திருந்த நேரம். எல்லோரும் அந்தப் பாத்திரத்தோடு இவரை ஒப்பிட்டார்கள். பாலமுரளி ஆறடி உயரம். வயதை அவராகச் சொன்னால் தவிர நோயாளிகளுக்குத் தெரியாது. உயரமாகப் பிறந்ததும் ஒரு கொடுப்பினை.

அதற்குப் பின் நடந்தது பத்திரிகைகளுக்குச் சுவாரசியமில்லாதது. அதனாலேயே முக்கியமானது. ஹார்வர்டில் கண் மருத்துவப் பயிற்சி, டியூக் பல்கலைக்கழகத்தில் கருவிழிச் சிறப்புப் பயிற்சி. ஜார்ஜியாவிலும் யூட்டாவிலும் பேராசிரியர். கண் மருத்துவமனையாகவே மாற்றிய விமானத்தில் நாடு நாடாகப் போய்ச் சிகிச்சை தரும் ஆர்பிஸ் அமைப்பில் தொண்டர். மேதைச் சிறுவன் நல்ல மருத்துவராகிவிட்டார். அவ்வளவுதான். இந்தக் கதைகளில் அடிக்கடி கிடைக்காத முடிவு இது.

இன்றைய இந்திய விதிப்படி மருத்துவ நுழைவுத் தேர்வான ‘நீட்’ எழுத 17 வயது நிறைய வேண்டும். வேலூரிலேயே இருந்திருந்தால், ஊரில் புகழ்பெற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருந்தும், பாலமுரளி அந்த வயதில் வாசலில்தான் நின்றிருப்பார்.

லக்னோவில் ஒரு பெண் பிள்ளை உண்மையிலேயே அப்படி நின்றாள். சுஷ்மா வர்மா 2007இல் ஏழு வயதில் பத்தாம் வகுப்பு தேறியவள். டாக்டராக வேண்டும் என்பது ஆசை. 2010இல் உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதினாள். வயது போதாது என்று முடிவை நிறுத்திவைத்தார்கள். சரி என்று பி.எஸ்சி. படித்து, 2013இல் பதின்மூன்று வயதில் பாபாசாகேப் பீம்ராவ் அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியலில் சேர்ந்தாள். கட்டணத்துக்காகத் தந்தை ஊரில் மிச்சமிருந்த நிலத்தை 25,000 ரூபாய்க்கு விற்றிருந்தார். செய்தி வெளியான பிறகுதான் உதவிகள் வந்தன. சுலப் அமைப்பு எட்டு இலட்சம் ரூபாய் கொடுத்தது. பல்கலைக்கழகம் தந்தைக்குத் துப்புரவுப் பிரிவில் மேற்பார்வை உதவியாளர் வேலை கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. அண்ணன் ஷைலேந்திராவும் பதினான்கு வயதில் கணினிப் பட்டம் பெற்றவன். ஒரே அறையில் இரண்டு பிள்ளைகள் இப்படி வளர்ந்தார்கள்.

தோட்டத்தை அறிந்தவர்களுக்கு ராமன் வீட்டையோ பாலமுரளி வீட்டையோ விட இந்த வீடுதான் பழக்கமானது.

பிரட்டுக்குப் பின் பள்ளி

மலாயாவின் தோட்டப் பள்ளிகளுக்குச் சட்டம் ஒன்று இருந்தது. 1920களின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும். கொட்டகை போட்டார்கள். பாடம் நடத்த பல இடங்களில் கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோ. அம்மாவும் அப்பாவும் இருட்டோடு பிரட்டுக்குப் போய்ப் பால் மரம் சீவ, பெரிய பிள்ளைகள் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் கூடப் போனார்கள். ஆரம்ப வகுப்புக்கு மேல் அந்தத் தோட்டத்தில் படிக்க எதுவும் கிடையாது. இடைநிலைப் பள்ளி என்றால் பட்டணம், பட்டணம் என்றால் பஸ் காசு.

இந்த ஏற்பாட்டில் ஒரு ராமானுஜன் பிறந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறக்கவே இல்லை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மேதைச் சிறுவர் பட்டியலில் தோட்டத்துப் பிள்ளை இல்லை என்பதிலிருந்து தோட்டத்தைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. பட்டியல் போட்டவர்கள் எங்கே தேடினார்கள் என்பதுதான் தெரிகிறது.

மேடையும் மேதையும்

சீக்கிரம் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. மலேசியாவில் அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்ட பெயர்கள் இரண்டு.

சியாங் தி மிங் 1989இல் கால்டெக்கில் சேர்ந்தபோது நாடே பெருமைப்பட்டது. பட்டம் முடித்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்யப் போனார். அதன் பிறகு அவரைப் பற்றிய செய்திகள் நின்றுவிட்டன. அடுத்துப் பலர் கேள்விப்பட்டது 2007இல் அவர் மறைந்த செய்தியை. அப்போது வயது முப்பதையொட்டி.

சுஃபியா யூசோஃப் 1997இல் பதின்மூன்று வயதில் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹில்டாஸ் கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டே தம்பி இஸ்கந்தர் பன்னிரண்டிலும் அக்காள் ஆயிஷா பதினைந்திலும் வார்விக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். வீட்டிலேயே தந்தை வகுத்த கல்விமுறை. 2000ஆம் ஆண்டு தேர்வு முடிந்த கையோடு சுஃபியா காணாமல் போனார். தேடல், தலைப்புச் செய்தி. கடற்கரை ஊர் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குத் திரும்ப மறுத்தார். தந்தையின் நெருக்கடியைக் குற்றம் சாட்டி அவர் எழுதிய மின்னஞ்சலைப் பத்திரிகைகள் அச்சிட்டன. அதற்குப் பின் பல ஆண்டுகள் பிரிட்டனிலும் மலேசியாவிலும் பத்திரிகைகள் அவரை விடவில்லை. பதின்மூன்று வயதில் அவரைத் தோளில் தூக்கியதும் அதே பத்திரிகைகள்தான்.

பீகாரின் ததாகத் அவதார் துளசி இன்னொரு வகை. பத்து வயதில் பி.எஸ்சி., பன்னிரண்டில் எம்.எஸ்சி. 2001இல் இந்திய அரசு அவரை ஜெர்மனியின் லிண்டாவுக்கு நோபல் பரிசாளர்களைச் சந்திக்க அனுப்பியது. திரும்பி வந்தபோது, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் போலி மேதை என்று எழுதினார்கள். பையனுக்கு அப்போது பதினான்கு நிறையவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குவாண்டம் கணிப்பு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கி அதற்குப் பதில் சொன்னார். 2010இல் இருபத்திரண்டு வயதில் மும்பை ஐ.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியர். உடல்நலம் கெட்டது, மும்பை ஒத்துக்கொள்ளவில்லை என்று 2013 இறுதியில் விடுப்பில் பாட்னா போனார். நீண்ட விடுப்பைக் காரணம் காட்டி 2019இல் ஐ.ஐ.டி. அவரை நீக்கியது.

சீனாவும் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 1978இல் ஹெஃபெய் நகரின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இளம் மேதைகளுக்குத் தனி வகுப்பு தொடங்கியது. முதல் அணியில் நாடு முழுக்கப் பேசப்பட்ட பெயர் நிங் போ. பதின்மூன்று வயது. பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 2003இல் துறவியாகிப் புத்த மடத்துக்குப் போய்விட்டார். அந்த வகுப்பில் படித்த வேறு பலர் பேராசிரியர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் ஆனார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பெயர் நிங் போ மட்டும்தான். உடைந்த கதை விலைபோகும். பேராசிரியர் கதை விலைபோகாது.

உடையாத கதைகளை எண்ணிப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள். 1971இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் ஜூலியன் ஸ்டான்லி கணிதத் திறன் மிகுந்த பிள்ளைகளைத் தேடும் ஆய்வைத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான தேர்வையே வைத்தார். ஆயிரக்கணக்கானவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வில், வகுப்பு தாண்டிப் படித்த பிள்ளைகள் அதனாலேயே மனத்தளவில் பாதிக்கப்பட்டதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் மிராக்கா குரோஸ் மிக உயர்ந்த அறிவுத்திறன் கொண்ட அறுபது பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார். பல வகுப்பு தாண்டியவர்கள் படிப்பிலும் நட்பிலும் நன்றாகவே இருந்தார்கள். தாண்ட விடாமல் வயதொத்த வகுப்பில் பிடித்துவைக்கப்பட்டவர்களில் பலர் சலித்துப்போனார்கள். சிலர் பள்ளியையே விட்டார்கள். பொது நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவு.

அப்படியானால் சுஃபியாவும் துளசியும்? அந்த வாழ்க்கைகளுக்குள் என்ன நடந்தது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது அவர்களுக்கு இன்னொரு முறை அநியாயம் செய்வதாகும். ஆனால் வெளியே தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். இருவர் கதையிலும் வேகத்தோடு மேடையும் சேர்ந்து வந்தது. இவ்வளவு வயதில் இவ்வளவு என்ற அறிவிப்பு, அடுத்த சாதனைக்கான தேதி, கேமரா, பெற்றோரின் முறைக்கு விளம்பரம். பேராவிலேயே பாகான் செராய்ச் சிறுவன் ஆதி புத்ரா ஏழெட்டு வயதில் கணிதத்தால் நாடறிந்த பெயரானபோது நாம் செய்ததும் அதுதான். கற்க வேண்டிய வயதில் அவனைப் பெரியவர்கள் முன் பேச வைத்துக் கைதட்டினோம்.

மேடையில்லாத வேகம் எப்படி இருக்கும் என்பதற்கு அடிலெய்டு நகரின் டெரன்ஸ் டாவ் சாட்சி. ஒன்பது வயதிலேயே ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணித வகுப்புகளுக்குப் போகத் தொடங்கியவர். பத்து வயதில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டில் வெண்கலம், அடுத்த ஆண்டு வெள்ளி, அதற்கடுத்த ஆண்டு தங்கம். பெற்றோர் அவரை எல்லாப் பாடத்திலும் ஒரே வேகத்தில் தள்ளவில்லை. கணிதத்தில் ஒரு வகுப்பு, மொழிப்பாடத்தில் அதற்கும் கீழே இன்னொரு வகுப்பு, விளையாடுவது தன் வயதுப் பிள்ளைகளோடு. முழுநேரப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பல்கலைக்கழகம் சொந்த ஊரிலேயே இருந்ததால் இரவுச் சாப்பாடு வீட்டில். இருபத்தோரு வயதில் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், 2006இல் கணிதத்தின் உச்சமான ஃபீல்ட்ஸ் பதக்கம்.

மேதைக்கு எண் போட்டுப் பார்க்கும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். பாளையங்கோட்டை விசாலினியின் ஐ.க்யூ. 225 என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. பள்ளிப் படிப்பு முடியும் முன்பே கலசலிங்கம் பல்கலைக்கழகம் அவருக்கு பி.டெக். இடம் கொடுத்தது. அந்தப் பெண்ணின் திறமையில் சந்தேகமில்லை. எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கும் பழைய முறையில் சின்னப் பிள்ளைகளுக்கு 200ஐத் தாண்டிய எண்கள் எளிதில் வரும். ஒரே வயதுடையவர்களோடு ஒப்பிடும் இன்றைய தேர்வுகள் பெரும்பாலும் 160ஐ ஒட்டி நின்றுவிடும். அதற்கு மேல் நம்பகமாக அளக்க ஒப்பிடுவதற்குப் போதிய ஆட்கள் இல்லை. இப்படிப்பட்ட எண்ணைச் சொல்லி யாராவது சான்றிதழ் விற்க வந்தால் பெற்றோர் பர்ஸை மூடிக்கொள்ளலாம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டான்லி தொடங்கிய வழி மலேசியாவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2009இல் பெர்மாத்தா பிந்தார் திட்டத்தைத் தொடங்கியபோது ஜான்ஸ் ஹாப்கின்ஸின் இளம் திறனாளர் மையத்தோடுதான் சேர்ந்து செய்தது. இணையத்தில் எழுதும் யு.கே.எம்.1 தேர்வு, அதில் தேறியவர்களுக்கு யு.கே.எம்.2, அதன் பின் பள்ளி விடுமுறையில் சில வார முகாம், கடைசியில் சிலருக்குப் பாங்கியிலேயே தங்கிப் படிக்கும் கல்லூரி. முதல் முகாம் 2009 டிசம்பரில் நடந்தது. திட்டத்தின் பெயர் இப்போது ஜீனியஸ் பிந்தார் நெகாரா. அரசியல் மாறியபோது பெயர் மாறியது, மையம் நிற்கிறது.

இந்தத் தேர்வைப் பற்றித் தாமான் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் கூட்டத்தில் கட்டட நிதி, விளையாட்டுப் போட்டி, சீருடை எல்லாம் பேசப்படும். இதை யாராவது எழுந்து கேட்டால் நல்லது. இதற்கு மேதை என்ற பட்டம் தேவையில்லை. ஆசிரியர் கொடுக்கும் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி அரை மணி நேரம் பக்கத்துப் பையனை வம்பிழுத்து அடி வாங்கும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். முதலில் அந்தப் பிள்ளைக்கு இந்தத் தேர்வைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பாங்கி வரை போகாத வழியும் பேராவில் இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கந்தரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஈப்போவிலேயே மருத்துவக் கல்லூரி. சிம்பாங் பூலாயிலிருந்து கம்பாருக்குப் பழைய சாலையில் போனாலும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றைச் சனிக்கிழமை ஒரு கணிதப் பாடத்துக்கு மட்டும் உட்கார வைக்க இந்தப் பல்கலைக்கழகங்களில் ஒன்று முன்வந்தால் போதும். பட்டமும் தேவையில்லை, கின்னஸும் தேவையில்லை. டாவ் தொடங்கியது இப்படித்தான். எஸ்.பி.எம். சான்றிதழ் வரும் வரை காத்திரு என்பதுதான் இன்றைய வழக்கம். சட்டம் மாறாமலேயே ஒரு துறைத் தலைவர் மனம் வைத்தால் செய்யக்கூடிய காரியம் இது.

கல்வி அமைச்சு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளையின் மலாய் மொழிக்கு ஓர் ஆண்டு கொடுங்கள், கணிதத்தையும் அறிவியலையும் அதே ஆண்டில் படிவம் ஒன்றின் பாடத்தோடு நடத்துங்கள். நன்றாகச் செய்யும் பிள்ளை அடுத்த ஆண்டு அந்தப் பாடங்களில் படிவம் இரண்டில் உட்காரட்டும். பாடத்துக்குப் பாடம் வேறு வகுப்பு என்பது நிர்வாகத்துக்குத் தலைவலிதான். சிறிய பள்ளிகளில் கால அட்டவணையே புரண்டுவிடும். ஆனால் பி.டி.எஸ். நாட்டிலுள்ள எல்லா ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் ஒரே தேர்வில் ஓட விட்டதால்தான் கெட்டது. தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும், தேவைப்படும் பாடத்தில் மட்டும் என்றால் அந்தக் கூத்து வராது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை வகுப்பைத் தாண்டிப் போகும் பிள்ளை என்று தெரிந்தால் முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள், ஜீனியஸ் பிந்தார் தேர்வுக்கு எப்போது பதிவு என்று கேளுங்கள், ஈப்போ நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். தீபாவளிக் கலைநிகழ்ச்சியில் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொல்லி மேடை ஏற்றாதீர்கள். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் பேட்டி கேட்டு வந்தால், பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆன பிறகு வரச் சொல்லுங்கள்.